ஐந்தடி ஏற்றும் பம்பு

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில், ஒரே ஒரு பழைய லேத்தை வைத்துத் தொழில் தொடங்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போனதில்லை. கடன் கேட்டுப் போனபோது வங்கி மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நான்தான் அன்னூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே கிடந்த தண்ணீரை மேலே கொண்டுவந்தேன். பெருந்துறையில் மற்றவர்களின் பம்புகள் அரித்துப்போன சாயத் தண்ணீரில் என் பம்பு ஓடியது. சேறு, கரும்புச்சாறு, சாணிக் கரைசல் என்று ஓடக்கூடிய எதையும் ஓட்டிக் காட்டியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிப்பவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம். இத்தனையும் செய்தவனை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்பை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் பாடாய்ப்படுத்தியவர் எங்கள் பல் டாக்டரம்மா.

என் மேல்வரிசைப் பற்கள் முழுவதும் அவர் கட்டியவை. கிளினிக்குக்கு மேலேயே வீடு. அந்த வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். தங்கமீன் விடுகிற தொட்டி இல்லை. உப்பை அளந்து கரைத்து, பவளமும் இறாலும் வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு மீன்களும் வளர்க்கிற தொட்டி. மேலே கண்ணாடித் தொட்டி, கீழே அலமாரிக்குள் தண்ணீரை வடிகட்டும் இன்னொரு தொட்டி. கீழே வடியும் தண்ணீரை ஒரு பம்பு ஓயாமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உள்ளே இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். அவருடைய வெளிநாட்டுப் பம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருகிப்போனது. சாமான் இங்கே கிடைக்கவில்லை. பாதித் தொட்டி செத்துவிட்டது. மறுநாள் காலையே என் பட்டறைக்கு வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, ஊரு பூராம் பம்பு செய்யறீங்க. ஒரு பம்பு கெட்டாச் சரிபண்ண நாதியில்லையேங்க. இங்கயே பிரிச்சு மாட்டற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. மிச்சம் இருக்கற உசுரையாவது காப்பாத்தோணும்.”

“இதென்னங்க பெரிய வேலை? வியாழக்கிழமை வாங்க” என்றேன், ஆட்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி. எந்த வியாழக்கிழமை என்று சொல்லாதது நல்லதாயிற்று. என் பம்பு ஓடாத நாட்களில் காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டாரை வைத்து அவர் சமாளித்தார்.

முதலில் செய்ததில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கன்மெட்டலில் வார்த்தேன். எங்கள் தொழிலில் அதைவிட மரியாதையான உலோகம் கிடையாது. நாலாம் நாள் டாக்டரம்மா ஒரு டிபன் டப்பாவோடு வந்தார். திறந்தால் உள்ளே வெளுத்துப்போன இரண்டு இறால்கள்.

“உங்க கன்மெட்டல்ல பெரும்பங்கு செம்புங்கண்ணா. உப்புத் தண்ணியில கரைஞ்சு எறாலைக் கொன்னுபோட்டுது.”

“உங்க எறாலுக்கு முன்னமே ஏதாச்சும் சீக்கு இருந்திருக்குமுங்க” என்றேன். அவர் டப்பாவைப் பட்டென்று மூடினார். அந்த மூடி விழுந்த சத்தம் என்னைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டே மாதத்தில் இம்பெல்லரைத் தாங்கிச் சுற்றும் தண்டில் பழுப்புப் புள்ளிகள் கண்டன. இந்த முறை அவர் பம்பைப் பற்றியே பேசவில்லை. லேத்துக்குப் பக்கத்தில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, “ஆ காட்டுங்க” என்றார். காட்டினேன். கைவிளக்கை அடித்துப் பார்த்தார். “காரம், புளி, உப்பு, போதாததுக்கு உங்க வெத்தலை பாக்கு, அத்தனையும் இதுமேல படுது. துருப்புடிச்சுதுங்களா? இது பீங்கானுங்க. இதுலயே தண்டு போடுங்க.” வாயைத் திறந்தபடி இருந்த முதலாளியைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். வீட்டில் என் சம்சாரம் விடுவாளா? “பல்லுப் புடுங்கற அம்மணி உங்க பவுசைப் புடுங்கிப்போட்டாங்களாட்ட இருக்குது” என்றாள்.

பல் செய்கிற லேபில் சொல்லி டாக்டரம்மா பீங்கான் கம்பிகள் வாங்கி வந்தார். மூன்று கம்பிகள் சாக்பீஸ் மாதிரி முறிந்தன. நாலாவது என் கைக்கு அடங்கியது. உடம்பு, இம்பெல்லர் எல்லாம் பிளாஸ்டிக். மோட்டாரை வெளியே வைத்து, காந்தத்தின் இழுப்பில் இம்பெல்லரை உள்ளே சுற்றவிட்டேன். தண்ணீரில் உலோகம் படாது. காந்த வேலை வெளிநாட்டுப் பம்பிலும் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் இங்கே கடையில் கிடைக்கும் சாமானை வைத்து, நாலு திருகைக் கழற்றினால் பிரியும்படி செய்தது நான்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கேட்டதற்கு மேல் கொஞ்சம் வேகம் கூட்டித் தருவது எங்கள் பக்கத்துப் பழக்கம். விவசாயி இருநூறு அடி கேட்டால் இருநூற்றைம்பது அடி ஏற்றும் பம்பைக் கொடுத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்த ஆசையில் இதிலும் வேகத்தைக் கூட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் மீன்கள் கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டன. தண்ணீர் மாடிப்படி வழியாகக் கிளினிக்குக்குள் இறங்கியது.

“மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறீங்களா, இல்ல கடலுக்கே திருப்பி அனுப்பறீங்களா? எனக்கு அஞ்சடி ஏத்துனாப் போதுமுங்க. மெதுவா, நெறைய வரோணும்.”

ஐந்தடி! ஐந்தடிக்குப் பம்பு எதற்கு, ஒரு வாளி போதுமே. வாழ்நாள் முழுவதும் ஆழத்தோடு மல்லுக்கட்டியவனை, இம்பெல்லரைச் சீவித் தன் பம்பின் பலத்தைத் தானே குறைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? சீவினேன். ஓட்டிப் பார்த்தோம். “இன்னும்” என்றார். மறுபடி சீவினேன். ஏழாவது தடவைதான் தலையசைத்தார். பம்பு ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதன்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தொட்டிக்குள் மீன்கள் அவசரமில்லாமல் திரும்பின.

“பேரு போடலீங்களாண்ணா?”

“அஞ்சடி ஏத்தற பம்புல எம் பேரா? எவனாச்சும் பாத்தாச் சிரிப்பான். வேண்டாமுங்க.”

“அப்பறம் வருத்தப்படாதீங்க” என்றார்.

டாக்டரம்மா இருந்த வரைக்கும் அது நிற்காமல் ஓடியது. இரண்டு தடவை பிரித்துச் சுத்தம் செய்ததோடு சரி. போன வருடம் அவர் காலமானார். உறவுக்காரர்கள் அந்தத் தொட்டியை அன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். பார்க்கப் போனேன். வாசல் கூடத்தில் வைத்திருந்தார்கள். கைவைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பலகையில், டாக்டர் அவர்கள் தாமே வடிவமைத்துச் செய்த பம்பு என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர், அது எப்படி ஓடுகிறது என்று எனக்கே விளக்கம் சொன்னார். தப்புத் தப்பாகச் சொன்னார்.

“தனியாவா செஞ்சாங்க?” என்று கேட்டேன்.

“ஆமாங்கய்யா. பாருங்க, ஒரு பேரும் போடலை. கம்பெனிக்காரன் எவனாச்சும் செஞ்சிருந்தா பேரு போடாம உடுவானுங்களா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆகவே நாலு பேர் படிக்கும்படி அச்சில் வரட்டும் என்று இதை எழுதுகிறேன். பீங்கான் டாக்டரம்மாவின் யோசனை. ஐந்தடி போதும் என்றதும் அவர்தான், அது சரியான கணக்கு. அந்தப் பெருமையில் ஒரு துளியும் எனக்கு வேண்டாம். ஆனால் கம்பி முறிந்தது என் கையில். ஏழு தடவை சீவியது நான். அந்தப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே, செய்தவர் என்று என் பெயரையும் எழுத வேண்டும். எழுத்து கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பெயர் எந்த அளவோ, என் பெயரும் அந்த அளவில் இருக்க வேண்டும்.