‘ஊரிலை எவடம்?’ என்று கேட்ட மொழிபெயர்ப்பாளர்

1. ஸ்பீக்கர் போனில் ஒரு பெரியமனுசர்

வதனி கிளினிக்கை விட்டு எழும்பி ஓடியதற்குக் காரணம் நோய்வருத்தமல்ல, ஊசியுமல்ல. மொழிபெயர்ப்பாளர் கேட்ட ஒரு கேள்வி.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உதவுகிற ஒரு சின்ன நிறுவனத்தில், மேற்கு லண்டனில், சப்போர்ட் வேர்க்கராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆபிரிக்கர், ஆசியர், எங்கட தமிழர் என்று, ஆஸ்பத்திரியில் தனியே போய் வாய்திறக்கக் கூசுகிறவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். வதனி (இது அவளுடைய பெயரல்ல) அப்படி வந்தவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். ஒழுங்காக மருந்துக் குளிசை போட்டால் இந்த வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், மற்றவருக்கும் தொற்றாது. விட்டால் திரும்பவும் தலைதூக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்கும் தமிழ் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் இருக்கிற நான் மொழிபெயர்க்கக் கூடாதாம், பதிவுபெற்ற ஆள்தான் செய்யவேண்டுமாம். அதனால் டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். கனத்த குரலில் ஒரு பெரியமனுசர் வந்தார். டாக்டர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“வணக்கம் தங்கச்சி. ஊரிலை எவடம்?”

வதனி என்னைப் பார்த்தாள். “யாழ்ப்பாணம்,” என்றாள் மெல்ல.

“யாழ்ப்பாணம் எண்டால் எவடம்? கதையைக் கேட்டால் தீவுப்பக்கம் மாதிரிக் கிடக்கு. ஆற்றை மகள்? அப்பா ஆர்?”

எங்கட சனம் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் இப்படித்தான். ஊர், பிறகு வீடிருந்த ஒழுங்கை, பிறகு தகப்பன் பெயர். அதற்குள் சாதியும் பிடிபட்டுவிடும், சொந்தக்காரரும் வந்துவிடுவார்கள். அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒபிஸ் வருஷக்கணக்காய்த் துருவுவதை இவர்கள் ஒரு மூச்சில் முடிப்பார்கள். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

“நான் சுகமாய் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ,” என்றுவிட்டு வதனி எழும்பினாள். மருந்துச் சீட்டு டாக்டரின் மேசையிலேயே கிடந்தது. “தங்கச்சி, லைனிலை நிக்கிறியளோ?” என்று போன் கேட்டுக்கொண்டிருந்தது.

2. மனேஜரின் கண்டுபிடிப்பு

அதன் பிறகு வதனி போனை எடுக்கவில்லை. கையிலிருந்த குளிசை முடியப்போகிறது என்பதால் நான் பதறிப்போனேன். எங்கள் மனேஜர் ஹெலன் பதறவில்லை. மீற்றிங் போட்டார்.

“அந்த மொழிபெயர்ப்பாளர் அவளுடைய சொந்தச் சமூகம்தானே?” என்று ஆச்சரியப்பட்டார். “இதைவிட வேறென்ன செய்யமுடியும்?”

“சொந்தச் சமூகம், அதுதான் பிரச்சினை,” என்றேன்.

“மிக முக்கியமான கருத்து,” என்று சொல்லி அதை வைட்போர்டில் எழுதினார். மீற்றிங் முடிந்ததும் துடைத்தார். முடிவாகத் தமிழில் ஒரு போஸ்டர் அடிப்பதென்று தீர்மானம். நடுவில் குத்துவிளக்கு. எங்களுக்கென்று இவர்கள் எது செய்தாலும் ஒரு குத்துவிளக்கு வந்துவிடும். இந்த வருத்தம் இருப்பதை மறைத்து வாழ்கிறவள் அந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்று வாசிப்பாளாம்!

3. பிளவுஸ் அளவு

வதனி ஹவுன்ஸ்லோவில் ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்பவள். இந்த வேலையில் எங்கள் உண்மைப் பெயர் ஒருவருடைய போனிலும் இருக்காது. ஒருத்தருக்கு நான் டிரைவிங் டீச்சர், இன்னொருத்தருக்குச் சீட்டுக் கட்டுகிற மாமி. வதனியின் போனில் நான் தையல் அக்கா. முருங்கைக்காய் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு கியூவில் நின்றேன். பின்னால் நின்ற மனிசி என் கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, பிளவுஸ் ரெடி. அளவு பாக்க ஒருக்கா வரவேணும்,” என்றேன்.

வதனியின் முகம் வெளிறியது. “எனக்கு வேண்டாம் அக்கா.”

“பழைய தையல்காரர் இல்லை. வேறை ஆளை மாத்தியாச்சு. உங்கடை ஆக்களைத் தெரியாத ஆள்.”

அவள் காய்களை நிறுத்து, பையில் போட்டு, மீதிச் சில்லறையை என் கையில் வைத்தாள். “பின்னேரம் போன் எடுக்கிறன்,” என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. பின்னால் நின்ற மனிசி, “எந்தத் தையல்காரர்? எனக்கும் நம்பர் தாங்கோவன்,” என்றாள்.

4. அரைவாசி விளங்கினால் போதும்

நான் டாக்டரோடு சண்டைபிடித்து எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்.

“வணக்கம்ங்க, நான் கோயமுத்தூருங்க. டாக்டர் கேக்கறத அப்படியே சொல்றேன். உங்க பேருகூட எனக்கு வேண்டாம்ங்க,” என்றாள்.

வதனி எழும்பாமல் இருந்தாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். சில நாட்கள் குளிசை விட்டதையும் மறைக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சிரித்தாள், அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்.

“அவ கதைச்சது அரைவாசி விளங்கேல்லை அக்கா. ஆனா நான் ஆரெண்டு அவவுக்கு ஒருநாளும் விளங்காது. எனக்கு அது காணும்.”

மாதங்கள் போய், இரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியவில்லை என்று வந்தது. அதைக் கேட்டு ஹெலன் துள்ளினார். எங்கள் சமூக அணுகுமுறையின் வெற்றியாம். வதனியை வைத்து ஒரு வீடியோ எடுக்கவேண்டுமாம்.

“முகத்தைக் காட்டமாட்டோம். குரல் மட்டும்தான்,” என்றார் பெருந்தன்மையாக.

குரலை வைத்தே தீவுப்பக்கம் என்று பிடித்தவர் எங்கட அந்த மொழிபெயர்ப்பாளர். “வதனி நாட்டிலேயே இல்லை,” என்று சொல்லி அந்தக் கதையை முடித்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்குப் போனேன். சனத்துக்குள் வதனி எதிரே வந்தாள். உடம்பு தேறி, மகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு. மகள் அவளளவுக்கு வளர்ந்திருந்தாள். வதனியின் கண் என்மேல் ஒரு கணம் நின்று, அப்படியே தேருக்குப் போய்விட்டது. நானும் தேரைப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்து போனது.

“அந்தப் பிள்ளை உம்மைத் தெரிஞ்ச மாதிரிப் பாத்துது. ஆர் அது?” என்றார் பக்கத்தில் நின்ற என் புருஷன்.

“தெரியாதப்பா,” என்றேன்.

இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளே, கட்டின புருஷனிடம் இந்தப் பொய்யைச் சொல்ல ஏலாதென்றால், தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.