சுண்ணாம்பு மூடிய பூனைக்கடி

எனக்குச் சபை முன்னால பேச வராது. ஆனா கர்த்தர் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல.

போன மழைக்காலத்துல அடுக்களையில சுருண்டு விழுந்தேன். காய்ச்சல் மாத்திரைக்கு இறங்கும், திரும்ப ஏறும். வயித்து வலி முதுகு வரைக்கும் இழுக்கும். தோப்பும்படி துறைமுகத்துல மீன் ஏத்திட்டிருந்த வீட்டுக்காரர் ஓடி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தார்.

ரத்தத்துல கிருமி இருக்குன்னாங்க. எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியல. காயம் ஏதாவது உண்டான்னு டாக்டர் கேட்டார். இல்லைன்னேன். மருந்து ஏறியும் காய்ச்சல் விடல. வீட்டுக்காரர் உடைஞ்சு போயிட்டார். நான் அழல.

"ஆண்டவரே, பிள்ளைங்க சின்னது. நான் இப்ப உம்மகிட்ட வர மாட்டேன். கிருமி எங்க இருக்குன்னு இவங்களுக்குக் காட்டும்."

வேற ஜெபம் தெரியல. இதையே சொன்னேன்.

மறுநாள் அம்மிணி சேச்சி பார்க்க வந்தாங்க. மட்டாஞ்சேரி கிடங்குல என்கூட சுக்கு தரம் பிரிக்கிறவங்க. டாக்டர் பக்கத்துல நிக்கிறார்னு பார்க்காம கேலி பண்ணினாங்க.

"கிடங்குப் பூச்ச உன்னத் தேடுதுடி. கடிச்ச ருசி மறக்கல போல."

டாக்டர் திரும்பினார். "பூச்ச கடிச்சோ? எப்போ?"

அப்பதான் எனக்கே நினைப்பு வந்தது. பூச்சன்னா பூனை, எலிக்காகக் கிடங்குல வளர்க்கிறது. மூட்டைக்குப் பின்னால குட்டி போட்டிருந்தது. காய்ச்சலுக்குச் சில வாரம் முன்னாடி தெரியாம மூட்டையை நகர்த்தினேன், மணிக்கட்டுல கடிச்சது. சுக்கு வெளுக்கிற சுண்ணாம்பு பக்கத்துலயே இருக்கும். எந்தக் கீறலுக்கும் அதைத்தான் நாங்க அப்புவோம். அப்பினேன். மேல தோல் மூடிச்சு. மறந்துட்டேன்.

அன்னைக்கே வயித்தை ஸ்கேன் எடுத்தாங்க. கடி வழியா நுழைஞ்ச கிருமி வயித்துப் பெரிய ரத்தக்குழாயில உக்காந்து சுவரை அரிச்சிருந்தது. குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வெடிச்சா உயிர் நிக்காது, ஆபரேஷன்லயும் ஆபத்து உண்டுன்னாங்க. வீட்டுக்காரர் தயங்கினார்.

"காட்டிக் குடுத்தவர் கைவிட மாட்டார். சரின்னு சொல்லுங்க"ன்னேன்.

கெட்ட பாகத்தை வெட்டி எடுத்து வேற குழாய் வச்சுத் தைச்சாங்க. வாரக்கணக்குல ஊசி. வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாங்க. பிழைச்சேன்.

இப்ப வேலைக்குப் போறேன். கிடங்குல யார் மேல பல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவ வச்சு, நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேன். முணுமுணுப்பாங்க. விட மாட்டேன்.

முன்னெல்லாம் சபையில வாய் திறக்க மாட்டேன். அழகா ஜெபிக்கத் தெரியலைன்னு வெக்கம். இப்ப அந்த வெக்கம் இல்ல. உங்களுக்கும் வார்த்தை வராட்டிப் பரவாயில்ல. வேணுங்கறதை நேரா அவர்கிட்ட கேளுங்க. பதில் சொல்ல அவர் யார் வாயை வேணும்னாலும் திறப்பார்.