தோல் பைக்குள் பூட்டிய கேமரா

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் குடோனுக்கு நான்தான் பொறுப்பு. மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியமான வேலை. தோல் கட்டுகளைப் பிரித்துக் காற்றாடப் போடாத ஆட்களை நான் சும்மா விடுவதில்லை.

என்னிடம் ஒரு பழைய கேமரா உண்டு. நல்ல தோலில் கெட்டியாகப் பை தைத்து, அதற்குள் வைத்துப் பீரோவில் பூட்டியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த படங்கள் பனி மூடியதுபோல் வந்தன. கேமரா மட்டம் என்று முடிவு கட்டினேன்.

குவைத்திலிருந்து வந்த நண்பர் ரஹீமிடம் ஒரு ஜப்பான் கேமரா விற்பனைக்கு இருந்தது.

"இன்னா யோசிக்கிறே? வாணியம்பாடியில ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்" என்று அவசரப்படுத்தினார்.

தையல் மிஷின் வாங்க வைத்திருந்த போனஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நர்ஸாக வேலை பார்க்கும் என் மனைவி தடுத்தாள். பழைய கேமராவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள்.

"பூஞ்சைங்க. குடோன்ல தோலுக்குப் பிடிச்சா ஊரையே ரெண்டாக்குவீங்க. இதை மழை பூராவும் தோலுக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கீங்களே."

பணத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன். வேலூரில் ஒரு ரிப்பேர் கடையில் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஈஸ்டர் படங்கள் பளிச்சென்று வந்தன.

இப்போதெல்லாம் குடோனில் தோலைக் காற்றாடப் போடும் நாளில், வீட்டில் கேமராவையும் வெளியே எடுத்து வைக்கிறேன். சென்ற வாரம் ரஹீம் ஒரு ஃபிளாஷைக் காட்டினார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

தோல் பை வீணாகவில்லை. புதுத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டுகளோடு தொங்குகிறது.