ரூபிக்குப் பல் ராவிய நாள்

கற்பிட்டியில் குதிரையின் பல்லைப் பற்றி நளீரிடம் வாய்கொடுத்துவிட்டு எளிதில் தப்பியவர் யாருமில்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இரண்டு குதிரைகளைப் பராமரிப்பது அவருடைய வேலை. வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றி அலையோரமாக நடத்திப் போவார், குளிப்பாட்டுவார், புல்லும் தவிடும் வைப்பார். மாலையில் தேநீர்க் கடைக்கு வந்தாரென்றால் பேச்சு பல்லில்தான் தொடங்கும். குதிரையின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேயும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரேயளவாகத் தேயாது. தேயாத ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை டொக்டரைக் கூப்பிட்டு அரத்தால் ராவ வேண்டும். "நோவு வந்த பொறகு பாக்கிறதில்ல. வர முந்தியே பாக்கணும்" என்று முடிப்பார். கேட்டவர்களின் தேநீர் அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

இவ்வளவு தெரிந்த மனிதர் தன் வாயை ஒருவருக்கும் காட்டியதில்லை. வலது கடைவாயில் ஒரு பல் ஓட்டை விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. பல் நோகிறதா என்று மனைவி ஸுல்பிகா கேட்டால், "என்ட பல்லு கல்லு" என்பார். உண்மை என்னவென்றால் நளீருக்குப் பல் டொக்டர் என்றாலே பயம். குதிரை பின்னங்காலைத் தூக்கினாலும் அசையாதவர், அங்கேயுள்ள சாய்வுக் கதிரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழும்பிப் போய்விடுவார். பல்லிடுக்கில் ஒரு கராம்பை வைத்துக்கொண்டு இடது பக்கத்தால் மென்று நாளை ஓட்டினார்.

மகள் நிஸ்ரினுக்கு எத்தாளையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஸப்ரானை நிஸ்ரினுக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. அவனுடைய வாப்பா பதியுதீன் வெங்காயத் தோட்டக்காரர், பேச்சிலும் சாப்பாட்டிலும் மிச்சம் வைக்காதவர். கல்யாணம் பேசி முடித்த அன்று அவர் வீட்டில் ஸஹன் விருந்து. பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, சுற்றிவர ஆறு பேர் இருந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். யார் எவ்வளவு தின்றார், எதை ஒதுக்கினார் என்பதை அதில் ஒளிக்க முடியாது.

பதியுதீன் நல்ல துண்டுகளாகத் தேடித் தேடிப் புதுச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார். நளீர் ஒன்றைக் கடித்தார். ஓட்டைப் பல்லில் பட்டுக் கண்ணில் பூச்சி பறந்தது. மென்றதை நைசாக எடுத்துச் சோற்றுக்கடியில் புதைத்தார். அடுத்ததுக்கும் அதே கதிதான். எழும்பும்போது மற்ற ஐந்து பேரின் பக்கமும் தட்டின் அடி தெரிந்தது. நளீரின் பக்கத்தில் மட்டும் சோறு மேடாக நின்றது.

பதியுதீன் அன்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஆனால் அதன்பிறகு நிக்காஹ் திகதி பேச அவர் அழைக்கவே இல்லை. ஸப்ரான்தான் போனில் நிஸ்ரினிடம் உடைத்தான். "உங்கட வாப்பாக்கு எங்கட குடும்பம் புடிக்கல்லயாம். ஆசையா வெச்ச இறைச்சிய எல்லாம் துப்பி வெச்சிட்டுப் போனாரெண்டு வாப்பா மனசு ஒடிஞ்சு போய் இருக்கார்."

நிஸ்ரின் முகம் வாடி வந்து கேட்டாள். "புடிக்காம என்ன மகள், அண்டைக்கு வயிறு சரியில்ல" என்று நளீர் மழுப்பினார். பல் என்று வாய்திறந்தால் அடுத்த பஸ்ஸிலேயே புத்தளத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பெற்ற மகளின் கல்யாணம் கையைவிட்டுப் போகப் பார்க்கிறது, மனிதர் கதிரைக்குப் பயந்து முழிக்கிறார். இப்படியும் ஒரு வாப்பா.

அந்தக் கிழமைதான் பெண் குதிரை ரூபிக்குப் பல் ராவும் நாள் வந்தது. சிலாபத்திலிருந்து மிருக வைத்தியர் மயூரதி வந்திருந்தாள். ஊசி ஏறியதும் ரூபி நின்ற நிலையிலேயே கிறங்கி, கனத்த தலையை நளீரின் தோளில் போட்டது. மயூரதி வாயைத் திறந்து வைக்கும் இரும்பைப் பூட்டினாள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நீளக் காம்புள்ள அரத்தை உள்ளே விட்டு ராவத் தொடங்கினாள். நளீர் ரூபியின் இரண்டு கண்களுக்கும் நடுவே விரலால் தடவியபடி, நிஸ்ரின் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த அந்த வழமையான பாட்டைப் படித்தார். "ஒண்டுமில்ல மகள், ஒண்டுமில்ல. நான் நிக்கிறேன். வாய மட்டும் திற."

அந்த நேரம் பார்த்துப் பதியுதீன் வந்து நின்றார். நேரிலேயே கேட்டுவிடுவதென்று எத்தாளையிலிருந்து வந்திருக்கிறார். நளீரால் நகரவும் முடியாது, தோளில் குதிரைத் தலை.

"நளீர், புடிக்கல்லண்டா முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாம்" என்றார் பதியுதீன். "தட்டில காட்டியிருக்கத் தேவையில்ல."

நளீர் ரூபியின் நெற்றியையே தடவிக்கொண்டிருந்தார். பதியுதீன் முகத்தைத் திருப்பினார். காலடியில் பாதி மென்று துப்பிய புல்லுருண்டைகள் கிடந்தன. கோபத்திலும் தோட்டக்காரனின் கண் சும்மா இராது. "நல்ல புல்லு. இதுக்கும் புடிக்கல்லயோ?"

ரூபியைக் குறை சொன்னால், 'நானா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் சம்பந்தியானாலும் நளீருக்குப் பொறுக்காது. "ஆர் சொன்ன புடிக்கல்லண்டு? புல்லெண்டா இதுக்கு உசிரு. சப்ப ஏலாது நானா. பல்லு கூராகிக் கன்னத்தக் கிழிக்குது. ஆசையில வாயில வைக்கும், நோவும், உருட்டித் துப்பிடும். துப்பினத மட்டும் பாத்திட்டுப் புடிக்கல்லண்டு சொன்னா அது..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

பதியுதீன் புல்லுருண்டையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். பிறகு நளீரின் வாயை நிதானமாகப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் இருக்கு, வலப்பக்கம்தான் கூடுதல்" என்றாள் மயூரதி, குதிரையின் வாய்க்குள்ளிருந்து கண்ணை எடுக்காமல்.

"குதிரையக் கேக்கல்ல மிஸ்."

நளீர் தலையைக் குனிந்தார். "வலப்பக்கம், நானா. கடைவாய்."

பதியுதீனுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, கடைசியில் ஹோட்டல் வரைக்கும் கேட்கச் சிரித்தார். இத்தனை நாளும் மனசு ஒடிந்து கிடந்த மனிதருக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். "மிஸ், அந்த அரத்தால இவருக்கும் ஒரு இழுப்பு இழுத்து விடுங்களன்."

"இவருக்கு என்ர ஊசி போதாது" என்றாள் மயூரதி.

பதியுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்ப திகதியச் சொல்றேன். பல்லப் புடுங்கின மாசத்துக்கு அடுத்த மாசம் நிக்காஹ். புடுங்காட்டி இல்ல."

புத்தளத்துக்கு நிஸ்ரின்தான் கூடப் போனாள். கதிரை சாய்ந்ததும் நளீர் கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டு வாயைப் பூட்டிவிட்டார். டொக்டர் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நிஸ்ரின் தலைமாட்டில் வந்து நின்று, வாப்பாவின் இரண்டு புருவங்களுக்கும் நடுவே விரலால் மெல்லத் தடவினாள்.

"ஒண்டுமில்ல வாப்பா, ஒண்டுமில்ல. நான் நிக்கிறேன். வாய மட்டும் திறங்க."

நளீருக்குக் கண் நிறைந்தது. வாயைத் திறந்தார்.

நிக்காஹ் அன்று பதியுதீன் மறுபடியும் நல்ல துண்டுகளாகத் தேடித் தேடித் தள்ளினார். நளீர் எழும்பியபோது அவர் பக்கத்தில் எலும்பு மட்டுமே கிடந்தது. பதியுதீன் தன் சொந்தக்காரரை எல்லாம் கூப்பிட்டு அந்த எலும்புகளைக் காட்டினார்.