எல்லாத்துக்கும் ‘யெஸ் டீச்சர்’

என் பொண்டாட்டி ஜரீனாவுக்குத் தொழில் ஒண்ணுதான், இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறது. அதையே மூணு இடத்துல மூணு விதமா செஞ்சு ஓய்ஞ்சு போயிட்டா. காலையில இங்க சிங்கப்பூர்ல ஒரு தனியார் பள்ளியில, படிக்க வந்த வியட்நாம் பிள்ளைங்க. எதுக்கெடுத்தாலும் விதி கேப்பாங்க. சாயங்காலம் தெம்பனிஸ்ல டியூஷன் பிள்ளைங்க. அதுங்க வீட்டுலயே இங்கிலீஷ் பேசி வளர்ந்ததுங்க, விதின்னாலே கொட்டாவி விடும். ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் ஒரு சங்கத்து மாடியில கட்டுமானத் தொழிலாளிங்களுக்கு இலவச வகுப்பு.

“ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல படேன்”னு கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு. “ரத்னவேல் பாஸ் பண்ணட்டுங்க, விட்டுர்றேன்”பா.

ரத்னவேல் பன்னெண்டு வருஷமா இங்க சாரம் கட்டுறவர். சூப்பர்வைசர் ஆக, கம்பெனியில இங்கிலீஷ்லயே கேள்வி கேப்பாங்க. ரெண்டு தடவை ஃபெயில். மூணாவதும் போச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவோம்னுட்டாங்க. வகுப்புல மனுஷன் முதல் பெஞ்சு. “புரியுதா?”ன்னா, “யெஸ் டீச்சர்!” அப்புறம் ஏன்யா தோக்குறார்?

ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுப் போக வந்து பின்னாடி உக்காந்திருந்தேன். சேஃப்டி பெல்ட் மாட்டாத ஆளைச் சாரத்து மேல ஏத்தலாமான்னு ரத்னவேலை இங்கிலீஷ்ல கேட்டா.

“யெஸ் டீச்சர்!”

அவ முகம் செத்துப்போச்சு. “அண்ணே, தமிழ்ல சொல்லுங்க. ஏத்தலாமா?”

“ஐயய்யோ, கூடவே கூடாது! விழுந்து செத்துடுவான்.”

“அப்புறம் ஏன் யெஸ்?”

“டீச்சர், மேனேஜர்லாம் கேக்கும்போது நோன்னு சொன்னா மரியாதையா இருக்காதே.”

வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டி ரயில்ல அழுதா. “ரெண்டு வருஷமா அந்த யெஸ்ஸைக் கேட்டு, நல்லாத்தான் சொல்லித் தர்றேன்னு இருந்துட்டேன்ங்க. தெம்பனிஸ் பிள்ளைங்க மூஞ்சிக்கு நேரா ‘நோ’ங்குதுங்க. அதையும் சொல்லித் தரணும்னு எனக்கு உறைக்கலையே.” எனக்குத் திட்ட மனசு வரலை.

அப்புறம் ஞாயிறெல்லாம் மறுத்துப் பேசுற பாடம்தான். மின்னல்ல சாரம் ஏறலாமா? “நோ டீச்சர்.” அதையும் மனுஷன் எழுந்து நின்னு கும்பிட்டுக்கிட்டே சொன்னார் லா!

பாஸாயிட்டார். லட்டோட வந்து நின்னார். அடுத்த வாரமும் வகுப்புக்கு வருவீங்கள்லன்னு ஜரீனா இங்கிலீஷ்ல கேட்டா. அவர் கும்பிடலை.

“நோ டீச்சர். சண்டே ஐ ஆம் ஒர்க்கிங்.”

“வெரி குட்”னு சொன்னா.

அன்னிக்குப் புதுசா நாலு பேர் வந்து அந்த முதல் பெஞ்சுல உக்காந்தாங்க. “புரியுதா?”ன்னா. நாலு பேரும் ஒரே குரலா, “யெஸ் டீச்சர்!”

வெளிய வந்ததும் படியிலயே உக்காந்து காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டா.

“அதான் பாஸாயிட்டாரே. இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டுலதானே?”ன்னேன்.

நிமிர்ந்துகூடப் பாக்கலை.

“நோ”ன்னா.