குசினிச் சுவரில் விளைந்த காரீயம்

பேத்தி பென்சில் சீவுகிற சத்தம் கேட்டால் எனக்கு எங்கள் பழைய குசினிச் சுவர்தான் நினைவுக்கு வரும்.

அம்மாவின் தம்பி தூரத்துச் சிங்கள ஊரொன்றில், காரீயச் சுரங்கத்தில் வேலை செய்தார். பென்சிலுக்குள் இருக்கிற அதே காரீயம்தான். வருஷத்தில் ஒரு தடவை செட்டிபாளையத்துக்கு வருவார். அவர் திரும்பிப் போகப்போவதை நினைத்து, வந்த அன்றே அம்மா அழத் தொடங்கிவிடுவா.

ஒருமுறை ஓட்டுத்துண்டு போலத் தட்டையான காரீயக் கல்லொன்று கொண்டுவந்தார். தொட்டால் விரலில் வெள்ளி பூசினதுபோல மின்னியது. அடுப்புக்கரி மாதிரி இல்லையே, இது எப்படி உண்டானது என்று அம்மா கேட்டா. மாமா எங்கள் கேத்தலைத் திறந்து காட்டினார். உவர்த்தண்ணீர் கொதித்துக் கொதித்து, உள்ளே வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது.

"இதுமாதிரித்தான் அக்கா. பூமிக்கு அடியில நெருப்பாக் கொதிக்கிற ஆவி, அதுக்குள்ள கரி கலந்து கிடக்கு. பாறை வெடிப்புக்குள்ளால அது ஏறக்குள்ள ரெண்டு பக்கமும் கரி ஒட்டிப் படியும். ஊசி ஊசியா வளந்து நடுவில வந்து முட்டும்."

"இந்தச் சனியன் இஞ்ச விளைஞ்சா நீ ஏன்டா அங்க போறாய்?" என்றா அம்மா.

அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். விளைய எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டிருக்கலாம். பெரியவர்களிடம் வாய் திறந்து கேட்கிற பிள்ளை இல்லை நான்.

மாமா புறப்பட முதல்நாள், அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கேத்தலில் தண்ணீரும் கரித்தூளும் போட்டு அடுப்பில் ஏற்றினேன். அடுப்புக்குப் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. கேத்தலின் மூக்கை அதற்கு நேரே திருப்பிவிட்டேன். தண்ணீர் வற்றிக் கேத்தலின் அடி போனதுதான் மிச்சம். திரும்பி வந்த அம்மா என்னை அடிக்க ஈர்க்குக்கட்டைத் தூக்கினா. மாமா குறுக்கே வந்து நின்றார்.

"என்னகா செய்தாய் புள்ள?"

"காரீயம் விளைய வைக்கிறன். நீங்க போகத் தேவையில்ல" என்றேன், நிலத்தைப் பார்த்தபடி.

சிரிக்க வாயெடுத்த மாமா சிரிக்கவில்லை. வெடிப்பைத் தடவிப் பார்த்தார். "ஓம், பிடிக்கத் தொடங்கிற்றுதான்" என்றார்.

மறுநாள் நான் எழும்ப முதலே அவர் பஸ் ஏறிவிட்டார். குசினிக்கு ஓடினேன். வெடிப்புக்குள் மின்னியது. இழுத்து எடுத்தேன். ஓட்டுத்துண்டு அளவுக்கு விளைந்திருந்தது.

"அம்மா, விளைஞ்சிற்று! மாமாவ வரச்சொல்லிக் கடதாசி போடுங்க!"

அம்மா அதை வாங்கிச் சீலைத்தலைப்பால் துடைத்தா. பிறகு அழுதா. ஒரே இரவில் இவ்வளவு விளைந்தும் ஏன் அழுகிறா என்று எனக்கு விளங்கவில்லை. போதாதாக்கும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அதை மறுபடியும் வெடிப்புக்குள் வைத்தேன்.