மூன்று மாத நிலத்தில் ஏறிய படகு

போன மாதம் ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதில் என் பழைய முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத் தொப்பி, முதுகுக்குப் பின்னால் அவருடைய பாய்மரப் படகு. 'ஏழைகளின் தோழர்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மத்திகிரி டவுன் பஸ் வரும்வரை அந்த முகத்தை முறைத்துக்கொண்டே நின்றேன். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். அந்த நாலு வார்த்தைக்காக எவ்வளவோ யோசித்தும் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

அவருடைய கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பிரிவில் காண்ட்ராக்ட் ஆள். டெஸ்பாட்ச் ஷெட்டில், சரக்கு வைக்க வேண்டிய இடத்தில், நீலத் தார்ப்பாய் போர்த்தி டிரெய்லர் மேல் அந்தப் படகு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜீப்பில் மாட்டி எங்கள் ஊர் அணைக்கு ஓட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கித் தர வேண்டும். ஊர் பக்கம்தானே என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். பரிசல்காரர்களுக்காகப் போட்ட சிமெண்ட் சரிவு அது. சாய்வே இல்லாமல் தட்டையாகக் கிடக்கும். டிரெய்லர் எவ்வளவு பின்னால் போனாலும் சக்கரம்தான் நனையுமே தவிரப் படகு மிதக்காது. ஜீப்பின் சைலன்சர் வரை தண்ணீருக்குள் விட்டு, இடுப்பளவு நீரில் நின்று தள்ள வேண்டும். அவர் கரையில் நின்று, புரொடக்‌ஷன் குறைந்த நாளில் கத்துவதைப் போலவே கத்துவார்.

கோடையில் தண்ணீர் வடிந்து சரிவைத் தாண்டி வெகுதூரம் உள்ளே போய்விடும். அப்போது வெளியே தெரியும் வண்டல் மண்ணில் எங்கள் ஊர்க்காரர்கள் வெள்ளரியும் கீரையும் போடுவார்கள். என் அண்ணன் இறந்த பிறகு அண்ணிக்குச் சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரார் காட்டில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைப்பவள். அணை வற்றும் அந்த மூன்று மாதம் மட்டும் அவளும் நிலக்காரி. சரிவுக்கு நேர் கீழேதான் அவள் வெள்ளரி போட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொடி ஓடி மஞ்சள் பூ விட்டிருந்தது. சிமெண்ட் முடியும் இடத்தில் ஜீப்பை நிறுத்தினேன்.

"இன்னாப்பா, ஏன் நின்னுட்ட? ரிவர்ஸ் எடு."

"சார், கீழ வெள்ளரி போட்டிருக்கறாங்க."

"அது டேம் லேண்ட்ப்பா. பட்டா இருக்கா அவங்ககிட்ட? எடுன்னா எடு."

"எங்க அண்ணி தோட்டம் சார் அது. என்னால ஆகாது."

இறங்கிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அதுகூடத் தெரியாமல் முன்னும் பின்னுமாக எடுத்ததில், ஒரு தடத்தில் போயிருக்க வேண்டிய சக்கரம் தோட்டம் முழுக்க உழுதது. படகு மிதந்ததும் அதைக் கல்லில் கட்டிவிட்டு, வண்டியை மறுபடி அதே கொடிகள் மேல் ஏற்றிச் சரிவில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு படகின் பாயை விரித்துக்கொண்டு, சீட்டியடித்தபடி போனார். அந்தச் சீட்டிச் சத்தத்தை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அண்ணி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் நசுங்கிய கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். முளைக்காத குழிகளில் போடுவதற்காக மடியில் விதை கொண்டுவந்திருந்தாள். அதை எடுத்துச் சக்கரத் தடத்திலேயே ஊன்றிக்கொண்டு போனாள். ஈரம் ஊறி நிற்கிறது, நன்றாக வரும் என்றாள்.

காற்று விழுந்து, துடுப்புப் போட்டுக் களைத்துப்போய் அவர் திரும்பி வந்தார். படகை ஏற்ற டிரெய்லர் மறுபடி தண்ணீருக்குள் வர வேண்டும். அண்ணி தடத்தின் நடுவே குந்தியிருந்தாள்.

"கொஞ்சம் வழி விடும்மா."

"விதை போட்டுட்டேன் சார். காய் பறிச்ச பின்னாடி வாங்க."

முழங்கால் சேற்றில் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கத்திய கத்தலுக்கு அவள் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் போன் போட்டு ஷிப்டிலிருந்து ஆறு பேரை வரவழைத்தார். அவர்கள் தோட்டத்தைப் பார்த்தார்கள். படகைத் தோளில் தூக்கி, முள்மரங்களுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு சரிவுக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை. காலையிலேயே அந்த போனைப் போட்டிருக்கலாம். போடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு. அவர் கண்ணுக்கு அங்கே தோட்டமென்று ஒன்று தெரியவே இல்லை. என் காண்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அதற்காக நான் அவரை வெறுக்கவில்லை. வேலை போனால் ஓசூரில் வேறு கம்பெனி கேட் இருக்கிறது.

பேனரைப் பார்த்த வாரம் ஊருக்குப் போனேன். அணை வற்றியிருந்தது. அண்ணி வண்டலைக் கொத்திக் குழி போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவளுக்காகவும் சேர்த்துச் சுமந்த ஆத்திரத்தை இறக்கிவைக்கப் போகிறவன்போல, "அந்தாளு செத்துட்டான் அண்ணி" என்றேன்.

"எந்தாளு தம்பி?"

"படகுக்காரன். உன் கொடி மேல வண்டி ஏத்தினானே."

அண்ணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"வருசா வருசம் எவனாவது ஏத்திக்கினுதான் போறான். இதுல எவனைன்னு தம்பி நான் ஞாபகம் வெச்சுக்கறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.